பிள்ளைகளின் கரங்களில் நூல்கள்: ஒரு வரலாற்றுப் பார்வை



செவ்வாய்க்கிழமையின் பெயரைத் தன் பெயரிலேயே தாங்கிய பேட்டை நம் செவ்வாய்ப்பேட்டை. ஒருபுறம் லீ பஜாரின் மூட்டைகளும் வெல்ல மண்டியும், மறுபுறம் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளின் இடைவிடாத தட்டொலியும் நிறைந்த வணிகப் பகுதி அது. இத்தகைய கடைவீதியில் அஸர் தொழுகைக்குப் பின் சற்று நின்று பாருங்கள். பள்ளிக்கூடப் பையை வீட்டில் எறிந்துவிட்டு, தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு, காயிதாவை மார்போடு அணைத்தபடி மக்தபை நோக்கி ஓடும் பிள்ளைகளைக் காண்பீர்கள். அந்தப் பிள்ளைக்கு எட்டு வயது இருக்கும். அதற்குள் அவன் தமிழ் எழுத்தைக் கற்றிருப்பான்; ஆங்கில எழுத்தைக் கற்றிருப்பான்; அரபு எழுத்தைக் கற்றிருப்பான். உருது பேசும் குடும்பத்துப் பிள்ளையாயின் அதன் எழுத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உலகின் எத்தனையோ நாடுகளில் அவன் வயதுப் பிள்ளைகள் ஒரே ஓர் எழுத்து முறையோடு போராடிக்கொண்டிருக்கையில், நம் வீட்டுப் பிள்ளை மூன்று நான்கு எழுத்து முறைகளைத் தெரிந்து வைத்திருக்கிறான். இது சிறிய சாதனை அன்று.

ஆயினும் விடுமுறை நாளில் அவன் கையில் தானாக ஒரு புத்தகம் ஏறுகின்றதா? இல்லை என்பதே பெரும்பாலான பெற்றோரின் பதில். நாம் உடனே கைப்பேசியைக் குற்றம் சாட்டுகின்றோம். கைப்பேசி மீது குற்றம் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் கைப்பேசி பிறப்பதற்கு நூற்றாண்டுகளுக்கு முன்பும் இதே கேள்வி கேட்கப்பட்டிருக்கின்றது. எழுத்து அறிந்த பிள்ளை ஏன் வாசிப்பவனாக ஆவதில்லை என்று சிந்தித்த அறிஞர்களும், அதற்கு விடை கண்ட தாய்மார்களும் நம் வரலாற்றில் இருக்கின்றார்கள். அந்த வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்ப்போம்.

சேலம் மாவட்டத்தின் 27 சிறுமிகள்

1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானின் ஆட்சிப் பகுதியில் ஒரு பங்கு ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறியது. சேலமும் பாராமகாலும் அவ்வாறு போனவையே. அப்போது இங்கு நிலவரி அளவிட வந்த இளம் அதிகாரிகளுள் ஒருவர் தாமஸ் மன்றோ. பின்னாளில் அவர் சென்னை மாகாணத்தின் ஆளுநரானார். 1822ஆம் ஆண்டு ஜூன் மாதம் அவர் ஓர் ஆணை பிறப்பித்தார். ஒவ்வொரு மாவட்டத்திலும் நாட்டுப் பள்ளிக்கூடங்கள் எத்தனை, அவற்றில் பயிலும் ஆண் பிள்ளைகள் எத்தனை, பெண் பிள்ளைகள் எத்தனை எனக் கணக்கெடுத்து அனுப்புமாறு கலெக்டர்களுக்குக் கட்டளையிட்டார்.

சேலம் மாவட்டத்தின் கணக்கு 1823ஆம் ஆண்டு சென்று சேர்ந்தது. இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் பகுதிகளும் அடங்கிய பெரிய மாவட்டம் அது. மக்கள்தொகை பத்து லட்சத்தைத் தாண்டியிருந்தது. பள்ளிக்கூடங்கள் 333; பயின்ற பிள்ளைகள் 4,326 பேர். இவர்களுள் முஸ்லிம் சிறுவர்கள் 432 பேர். முஸ்லிம் சிறுமிகள் 27 பேர்.

27 என்ற இந்த எண்ணை ஏளனமாகப் பார்த்துவிடாதீர்கள். அம்மாவட்டம் முழுவதிலும் எல்லாச் சமூகங்களையும் சேர்த்துப் பள்ளிக்குச் சென்ற சிறுமிகளே 58 பேர்தாம். அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் முஸ்லிம் வீட்டுப் பெண் பிள்ளைகள்! திருச்சிராப்பள்ளியில் 690 முஸ்லிம் சிறுவர்களுடன் 56 சிறுமிகள் பயின்றனர். மலபாரிலோ 3,196 சிறுவர்களுக்கு 1,122 சிறுமிகள். முஸ்லிம்கள் பெண் பிள்ளைகளுக்கு எழுத்தறிவே தந்ததில்லை என்று எளிதாகப் பேசிவிடுவோர் இந்தப் பழைய அரசாங்கக் காகிதத்தை ஒருமுறை பார்க்க வேண்டும்.

அன்றியும் இந்தக் கணக்கில் வராத ஒன்றும் உண்டு. சென்னை நகரத்தில் மட்டும் வீடுகளிலேயே கல்வி பெறும் பிள்ளைகள் 26,963 பேர் என்று அந்நகரக் கலெக்டர் எழுதியனுப்பினார். அந்த எண் மன்றோவுக்கே மலைப்பைத் தந்தது. எங்கோ பிழை இருக்கலாம் என்று ஐயுற்றார். எண் எவ்வாறாயினும், பள்ளிக்கூடத்தின் கூரைக்கு வெளியே, வீட்டு முற்றத்திலும் அடுப்படியிலும் ஒரு கல்வி நடந்துகொண்டிருந்தது என்பது மட்டும் உண்மை. அதைப் பற்றிப் பின்னர் பேசுவோம்.

ஒலி உண்டு, பொருள் இல்லை

அதே கணக்கெடுப்பில் பெல்லாரியின் கலெக்டர் கேம்ப்பெல் எழுதிய அறிக்கை தனிச் சிறப்புடையது. பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதையும், மூத்த மாணவன் இளைய மாணவனுக்குக் கற்பிப்பதையும் அவர் பாராட்டினார். (இந்த மணலெழுத்து முறையைச் சென்னையில் கண்ட பாதிரியார் ஆண்ட்ரூ பெல் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்று ‘மெட்ராஸ் முறை’ என்று பெயரிட்டுப் பரப்பினார். நாம் கொடுத்ததை நாமே மறந்த கதைகளுள் இதுவும் ஒன்று.) ஆனால் கேம்ப்பெல் ஒரு குறையையும் கண்டார். பிள்ளைகள் படிக்கும் நூல்களெல்லாம் செய்யுள்கள். அவற்றின் நடையோ வீட்டில் பேசும் மொழிக்கு வெகுதூரம். ஆகவே பிள்ளை எழுத்தை அறிந்து உரக்கப் படிக்கிறான், மனப்பாடமும் செய்கிறான். தான் படிப்பது என்ன என்பதை மட்டும் அறியான் என்று அவர் எழுதினார்.

ஓர் ஆங்கில அதிகாரியின் சொல் என்று இதைத் தள்ளிவிட வேண்டாம். அவருக்கு ஏழு நூற்றாண்டுகள் முன்னரே, ஸ்பெயினின் செவில் நகரத்து மார்க்க அறிஞர் காழி அபூபக்ர் இப்னுல் அரபி (1076–1148) இதே குறையைச் சுட்டிக்காட்டியிருக்கிறார். பிள்ளைக்கு முதலில் மொழியையும் கவிதையையும் கற்பியுங்கள், பிறகு கணக்கு, அதன் பின்னரே குர்ஆனைத் தொடங்குங்கள், அப்போது அது அவனுக்கு எளிதாகும் என்பது அவருடைய யோசனை. புரியாததை ஓதவைத்து, அவன் மனம் வேறெங்கோ இருக்க, கஷ்டத்தை மட்டும் கொடுக்கிறோமே என அவர் வருந்தினார்.

இதை நமக்கு அறியத் தருபவர் வரலாற்று மேதை இப்னு கல்தூன். 1377ஆம் ஆண்டு எழுதப்பட்ட அவருடைய முகத்திமாவில், முஸ்லிம் நாடுகளில் பிள்ளைகளுக்கு எவ்வாறு கல்வி புகட்டப்படுகிறது என்பதற்கெனத் தனி அத்தியாயமே இருக்கின்றது. மொரோக்கோ, அல்ஜீரியா பகுதிகளில் குர்ஆனைத் தவிர வேறெதையும் பிள்ளைக்குக் கொடுப்பதில்லை. அந்தலூஸில் குர்ஆனோடு கவிதையும் கடிதம் வரைதலும் அழகிய கையெழுத்தும் கற்பிக்கின்றனர் என்று ஊர் ஊராக ஒப்பிட்டு எழுதுகின்றார். குர்ஆனை மட்டும் ஓதிய பிள்ளைக்கு மொழியாற்றல் வளரவில்லை என்பதையும் ஒளிக்காமல் கூறுகின்றார். இப்னுல் அரபியின் யோசனையை அவர் மெச்சுகின்றார். அதே வேளையில், மக்கள் ஏன் அதை ஏற்கவில்லை என்பதையும் நேர்மையாக விளக்குகின்றார். பிள்ளை சிறுவனாய் இருக்கும்வரைதான் நம் சொல்லுக்குக் கட்டுப்படுவான். வளர்ந்தபின் கை நழுவிப் போனால் குர்ஆனே தெரியாதவனாகிவிடுவானே என்ற அச்சமே காரணம் என்கின்றார். அந்த அச்சம் நியாயமானது. நம் செவ்வாய்ப்பேட்டைத் தாய்க்கும் அதே அச்சம்தான் இருக்கின்றது. ஆகவே ஓதுவதை ஒத்திப்போடுங்கள் என்று இங்கு எவரும் சொல்லவில்லை. ஓதுவதோடு சேர்த்து, அவன் மனத்துக்குப் புரிகின்ற ஒன்றையும் அவன் கையில் கொடுத்தோமா என்பதே கேள்வி.

பிரம்பும் புத்தகமும்

இப்னு கல்தூன் அடுத்த அத்தியாயத்திலேயே கடுமையைப் பற்றி எழுதுகின்றார். அடியும் மிரட்டலுமாக வளர்க்கப்படும் பிள்ளையின் உள்ளம் சுருங்கிவிடும், உற்சாகம் போய்விடும், அடிக்குத் தப்புவதற்காகப் பொய்யும் ஏய்ப்பும் பழகும், பின் அதுவே அவன் குணமாகிவிடும் என்கின்றார். ஏறக்குறைய 650 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட வரிகள் அவை. இன்றைய குழந்தை உளவியல் நூல்களில் இதைப் படித்தால் வியக்கின்றோம். நம்முடைய நூலில் இருக்கின்றது என்றால் எடுத்துப் பார்ப்பதில்லை.

இதைவிடப் பழைய சம்பவம் ஒன்று உண்டு. ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு (கி.பி. 624) பத்ருப் போரில் சிறைப்பட்ட மக்காவாசிகளுள் ஈட்டுத்தொகை கொடுக்க வசதியற்றவர்களும் இருந்தனர். அவர்கள் அன்சாரிகளின் பிள்ளைகளுக்கு எழுதக் கற்பிக்க வேண்டும். அதுவே அவர்களது ஈட்டுத்தொகை என நபி (ஸல்) அவர்கள் ஏற்பாடு செய்தார்கள். ஒவ்வொருவருக்கும் பத்துப் பிள்ளைகள் என்று இப்னு ஸஅத் குறிப்பிடுகின்றார். இது நாம் மேடைதோறும் கேட்கும் செய்தி. ஆனால் முஸ்னத் அஹ்மதில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழியாக வரும் அறிவிப்பின் கடைசிப் பகுதியை நாம் பெரும்பாலும் சொல்வதில்லை. ஒருநாள் சிறுவன் ஒருவன் அழுதுகொண்டே தன் தந்தையிடம் வந்தான். என்ன நேர்ந்தது என்று தந்தை கேட்டார். ஆசிரியர் அடித்துவிட்டார் என்றான். பத்ரின் பகையை என் பிள்ளையிடம் தீர்த்துக்கொள்கிறானா என்று சினந்த தந்தை, இனி நீ அவனிடம் போகவே வேண்டாம் என்று கூறிவிட்டார்.

தந்தையின் கோபத்துக்கு அன்றைய போர்ச் சூழல் காரணம் என்பது உண்மையே. இருப்பினும் நான் இந்த அறிவிப்பில் காண்பது வேறொன்று. கல்வி என்ற பெயரால் அடி வாங்கிய ஒரு சிறுவனின் அழுகை, வரலாற்றில் பதிவு செய்யத்தக்க செய்தியாகக் கருதப்பட்டிருக்கின்றது. அவ்வாறு கைதிகளிடம் எழுதக் கற்ற சிறுவர்களுள் ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களும் ஒருவர் என்று இப்னு ஸஅத் கூறுகின்றார். பின்னாளில் அபூபக்ர் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்தில் குர்ஆனை ஒன்றுதிரட்டும் மாபெரும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது அவரிடம்தான்.

தாய்மார்கள் கண்ட வழி

இனி நம் மண்ணுக்கு வருவோம். புரியாமல் ஓதும் பிள்ளையின் கையில் புரிகின்ற ஒன்றை எப்படிக் கொடுப்பது? இந்தக் கேள்விக்குத் தமிழக, இலங்கை முஸ்லிம்கள் கண்ட விடை அரபுத் தமிழ். அர்வி என்றும் அதைச் சொல்வர். தமிழ் மொழியை அரபு எழுத்தில் எழுதுவது அது. ட, ண, ள, ழ போன்ற அரபியில் இல்லாத ஒலிகளுக்காக அரபு எழுத்துகளின் மேலும் கீழும் புள்ளிகளையும் குறிகளையும் கூட்டிக்கொண்டார்கள்.

இதன் நுட்பத்தைக் கவனியுங்கள். ஏழு வயதுச் சிறுமி குர்ஆன் ஓதுவதற்காக அரபு எழுத்தைக் கற்கிறாள். அந்த எழுத்தைக் கொண்டே மறுநாள் ஒரு கதையைப் படித்துவிடலாம். புதிதாகக் கற்க வேண்டியவை சில குறிகள் மட்டுமே. எழுத்து அரபு, ஆனால் அதிலிருந்து எழும் குரல் அவளுடைய தாயின் குரல், வாப்பும்மாவின் குரல். எழுத்துக்கூட்டிக்கொண்டே போகும்போது திடீரென ஒரு சொல் புரிகின்றதே, அந்த நொடியில் பிள்ளையின் முகத்தில் தோன்றும் ஒளியைக் கண்டவர்கள் அறிவார்கள். வாசிப்பின் மீது காதல் பிறப்பது அங்கேதான். இந்தக் கட்டுரை சொல்ல வருவதும் அவ்வளவே.

கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் இந்த இலக்கியம் செழித்தது. காயல்பட்டினத்தில் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என்னும் சையிது முஹம்மது ஆலிம் (1816–1898) அவர்கள் மார்க்கச் சட்ட நூல்களை மட்டும் அரபுத் தமிழில் எழுதவில்லை. தாமிரப் பட்டணம் என்ற கதை நூலையும் பாரசீகத்திலிருந்து கொண்டுவந்து தந்தார்கள். ஆயிரத்தோரு இரவுகளிலும் இடம்பெறும் வியப்பூட்டும் பாழ்நகரத்தின் கதை அது. ஒரு பெரிய ஆலிம் கதை எழுதுவதைத் தம் தகுதிக்குக் குறைவாக எண்ணவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அச்சுப் புத்தகத்துக்கு முந்தைய காலத்திலும் நம் இலக்கியம் பிள்ளைகளின் இயல்பை அறிந்திருந்தது. 1572ஆம் ஆண்டு மதுரையில் அரங்கேறிய ஆயிர மசலா முழுவதும் கேள்வியும் பதிலுமாக அமைந்தது. கேள்வி கேட்பதைவிடப் பிள்ளைக்குப் பிடித்த தொழில் வேறென்ன? கிஸ்ஸா, மாலை, முனாஜாத் என்று வீட்டுக் கூடங்களில் ஒருவர் படிக்கப் பலர் கேட்கும் வழக்கம் நம் ஊர்களில் நெடுங்காலம் இருந்தது. மடியில் படுத்துக் கேட்ட பிள்ளை, அடுத்த முறை தானே படிக்க ஆசைப்பட்டது.

சேலத்து வாசகர்களுள் பலருக்கு வீட்டுமொழி தக்கணி உருது. அவர்களுக்கும் இதே வழியில் ஒரு வரலாறு உண்டு. உருது எழுத்தும் அரபு எழுத்தின் வழிவந்ததே. ஆகவே குர்ஆன் ஓதத் தெரிந்த சிறுமிக்கு உருதுக் கதைப் புத்தகம் எட்டாக்கனி அன்று. ஆனால் எட்டும் தூரத்தில் புத்தகம் இருக்க வேண்டுமே! வட இந்தியாவில் அரசுப் பணியிலிருந்த டெபுடி நஸீர் அஹ்மத் தம் பெண் பிள்ளைகளுக்கு ஏற்ற நூலைத் தேடினார். ஒன்றும் மனத்துக்குப் பிடிக்கவில்லை. எனவே தாமே எழுதத் தொடங்கினார். வீட்டில் பேசும் மொழியில், அக்பரி, அஸ்கரி என்ற இரு சகோதரிகளின் கதையைச் சிறிது சிறிதாக எழுதிப் பிள்ளைகளிடம் கொடுத்தார். அது 1869ஆம் ஆண்டு ‘மிர்ஆத்துல் அரூஸ்’ என்ற பெயரில் நூலாகி, அரசாங்கத்தின் 1,000 ரூபாய்ப் பரிசையும் பெற்றது. மகன் பஷீருக்காக வேறொரு நூலையும் எழுதினார். பிற்காலத்தில் மௌலானா அஷ்ரஃப் அலி தானவி அவர்கள் பெண்களுக்காக எழுதிய ‘பஹிஷ்தி ஜேவர்’ கூட அகர வரிசையிலும் கதைகளிலும் இருந்துதான் தொடங்குகின்றது. சட்டங்கள் அதன் பின்னரே வருகின்றன.

இலங்கையில் கண்டி நகர வழக்கறிஞர் மு. கா. சித்திலெப்பை (1838–1898) அவர்கள் 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தொடங்கினார். 1885இல் ‘அசன்பே சரித்திரம்’ என்னும் நாவலை வெளியிட்டார். தமிழின் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரம் அச்சேறி ஆறு ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. முஸ்லிம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடங்களையும், சிறுமிகளுக்கெனத் தனிப் பள்ளியையும் அமைக்கப் பாடுபட்டவரும் அவரே.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அரபுத் தமிழ் தேய்ந்துவிட்டது. தமிழ் எழுத்தில் அச்சிட்ட நூல்கள் மலிந்ததும், பிள்ளைகள் தமிழ்ப் பள்ளிக்கூடங்களுக்குச் சென்றதும் அதற்குக் காரணங்கள். அது இயல்பே, தமிழ் எழுத்தில் அந்தக் கதைகளைப் படிப்பதில் என்ன குறை? ஆனால் எழுத்து மாறியபோது, கூடத்தில் அமர்ந்து படித்துக்காட்டும் வழக்கமும் கூடவே போய்விட்டது. உண்மையான இழப்பு அதுவே. அர்வி நூல்களைத் தங்குதடையின்றிப் படித்த பாட்டிமார்கள், தமிழ் எழுத்து அறியாத ஒரே காரணத்தால் தங்கள் பேரப்பிள்ளைகளின் கண்களில் ‘படிக்காதவர்கள்’ ஆகிப்போனார்கள். பேரன் படிக்கும் புத்தகம் பாட்டிக்குத் தெரியாது. பாட்டி படித்த புத்தகம் பேரனுக்குத் தெரியாது.

இந்த மாற்றத்தின் நடுவிலும் மலர்ந்தவர் ஒருவர் உண்டு. நாகூரைச் சேர்ந்த சித்தி ஜுனைதா பேகம் (1917–1998). பள்ளியில் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர். இளம் வயதிலேயே மணம் முடிக்கப்பட்டவர். அவர் 1938இல் ‘காதலா கடமையா’ என்ற நாவலை வெளியிட்டபோது, அதற்கு உ. வே. சாமிநாதையர் மதிப்புரை வழங்கினார். மூன்று ஆண்டுப் பள்ளிக்கல்வி ஒருவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்காது. வீட்டிலிருந்த புத்தகங்களே சேர்த்தன.

மாட்டுவண்டியில் வந்த நூல்கள்

வீட்டில் புத்தகம் இல்லையெனில் என்ன செய்வது? இந்தக் கேள்வியையும் தமிழகம் கேட்டுக்கொண்டது. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் அவர்களின் தூண்டுதலால், 1931ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் மன்னார்குடிக்கு அருகே மேலவாசலில் ஒரு மாட்டுவண்டி நூலகம் புறப்பட்டது. கனகசபைப் பிள்ளை என்ற அன்பர் வண்டியை அமைத்துக் கொடுத்தார். கிராமம் கிராமமாக நூல்களை ஏற்றிச் சென்றது அவ்வண்டி. எழுத்தறிந்தவன் நூலகத்தைத் தேடி வரட்டும் என்று காத்திராமல், நூலகமே அவன் திண்ணைக்குச் சென்றது.

1948ஆம் ஆண்டு, அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் ஒரு மாநிலம் இயற்றிய முதல் நூலகச் சட்டம் அது. சொத்துவரியோடு சேர்த்து நூலக வரி என்று ஒன்றை அது விதித்தது. இன்று சொத்துவரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலகத்துக்கெனத் தனியே வசூலிக்கப்படுகின்றது. மண்டி உரிமையாளரும் பட்டறை உரிமையாளரும் ஜமாஅத்தின் கடை வாடகைதாரருமாக நாம் அனைவரும் நேராகவோ வாடகை வழியாகவோ அதைச் செலுத்திக்கொண்டேயிருக்கின்றோம். வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். விலை கொடுத்த பொருளைக் கடையிலேயே விட்டுவிட்டு வரும் வழக்கம் வணிகச் சமூகமாகிய நமக்கு வேறெந்தக் கடையிலும் கிடையாது!

வணிகம் என்றதும் பஸ்ராவின் அல்ஜாஹிழ் நினைவுக்கு வருகின்றார். அப்பாஸியர் காலத்து அரபு இலக்கியத்தின் மாபெரும் எழுத்தாளர் அவர். ஏழைக் குடும்பத்தில் பிறந்து, இளமையில் கால்வாய்க் கரையில் ரொட்டியும் மீனும் விற்றவர். புத்தகம் வாங்கப் பணமில்லை. எனவே புத்தகக் கடைகளை இரவு நேரத்துக்கு வாடகைக்கு எடுத்து, விடியும்வரை உள்ளே அமர்ந்து படிப்பாராம். பத்தாம் நூற்றாண்டில் பக்தாதின் புத்தக வணிகர் இப்னுந் நதீம் தம் நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். கடைவீதியில் வளரும் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்பது வெறும் பேச்சு.

அறுபது எழுபதுகளில் வளர்ந்த வாசகர்களுக்கு இதெல்லாம் புதிதன்று. 1947இல் தொடங்கிய அம்புலிமாமாவுக்காக மாதந்தோறும் காத்திருந்தவர்கள் அவர்கள். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தபோது, பாடப்புத்தகத்துக்குள் அதை ஒளித்து வைத்துப் படித்துப் பெற்றோரிடம் அகப்பட்டவர்களும் உண்டு. அந்தப் பெற்றோர் இன்னும் கொஞ்சம் பொறுமை காட்டியிருக்கலாம் என்பது என் கருத்து. ஒளித்து வைத்துப் படிக்கும் அளவுக்கு ஒரு பிள்ளைக்குப் புத்தகத்தின் மீது ஆசை வந்துவிட்டதென்றால், பாதிவேலை முடிந்துவிட்டது. எந்தப் புத்தகம் என்பதை மெல்ல மெல்லத் திருத்திக்கொள்ளலாம். அம்புலிமாமா இப்போது வருவதில்லை. ஆனால் நேஷனல் புக் டிரஸ்ட் சிறுவர்க்கென வெளியிடும் படக்கதை நூல்கள் தமிழிலும் உருதிலும் குறைந்த விலையில் கிடைக்கின்றன. அம்மியும் அப்பாவும் பேசும் மொழி எதுவோ, அந்த மொழியில் முதல் புத்தகம் அமையட்டும்.

உரக்கப் படித்துக்காட்டுவதற்கு ஈடான வழி வேறில்லை என்று 1985ஆம் ஆண்டு அமெரிக்காவில் வாசிப்பை ஆராய அமைக்கப்பட்ட குழு தன் அறிக்கையில் கூறியது. பெற்றோர் பிள்ளைக்குப் படித்துக்காட்டுவதே பிற்கால வாசிப்புக்கு அடித்தளமிடும் செயல்களுள் தலையாயது என்பது அக்குழுவின் முடிவு. கிஸ்ஸா படித்துக்காட்டிய நம் பாட்டிமார்கள் எந்த ஆராய்ச்சியும் இன்றி அதைச் செய்துகொண்டிருந்தார்கள். இஷாவுக்குப் பின் உறங்குமுன் பத்து நிமிடம் போதும். தாய்க்கு அலுப்பு மிகுந்தால் தந்தை படிக்கட்டும். கடையை அடைத்துவிட்டு வரும் தந்தைக்குப் பத்து மணி ஆகிவிடுகிறதே என்றால், ஞாயிற்றுக்கிழமை ஒருநாளாவது படிக்கட்டும். படிக்கும்போது இடையில் நிறுத்தி, இதன் கருத்து என்ன, அந்தச் சொல்லுக்குப் பொருள் என்ன என்று பரீட்சை வைக்காதீர்கள். கதை பாதியில் நின்றால் பிள்ளை மறுநாளும் கேட்பான். பரீட்சை வைத்தால் மறுநாள் அவனுக்குத் தூக்கம் வந்துவிடும்.

எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர் என்ன செய்வது என்று சிலர் கேட்கலாம். புத்தகத்தைப் பிள்ளையிடம் கொடுத்து, எனக்குப் படித்துக்காட்டு என்று கேளுங்கள். தன் தாய்க்குத் தான் ஆசிரியன் ஆனோம் என்ற பெருமிதத்தில் பிள்ளை விழுந்து விழுந்து படிப்பான். மணலில் எழுதிய காலத்தில் மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பித்ததும் இதே தத்துவந்தான்.

மஹல்லா நிர்வாகிகளுக்கும் ஒரு சொல். மக்தபின் மூலையில் ஓர் அலமாரி வையுங்கள். அதில் பூட்டு வேண்டாம். புத்தகம் கிழிந்துவிடும் என்று அஞ்சிப் பூட்டி வைக்கப்பட்ட நூலக அலமாரிகளை நம் ஊர்களில் நிறையவே பார்த்தாகிவிட்டது. அவற்றுள் நூல்கள் கரையானுக்கு இரையாயின, பிள்ளைகளுக்கு அல்ல. கிழிந்த புத்தகம் படிக்கப்பட்ட புத்தகம். ஓதிக்கொடுக்கும் ஹஜ்ரத் அவர்கள் வாரம் ஒருமுறை, கடைசிக் கால் மணி நேரத்தைக் கதை நேரமாக ஒதுக்கினால், மக்தபுக்கு வரப் பிள்ளைகளை விரட்ட வேண்டிய தேவையும் குறையும்.

அரசுக் கிளை நூலகத்தில் சிறு காப்புத் தொகை கட்டினால் பிள்ளையின் பெயரிலேயே உறுப்பினர் அட்டை கிடைக்கும். தன் பெயர் எழுதிய அட்டையைத் தானே நீட்டி, தானே தேர்ந்த புத்தகத்தை வாங்கி வரட்டும். நீங்கள் வாசலில் நில்லுங்கள். ஜும்ஆ தொழுகை முடிந்ததும் அப்படியே கையைப் பிடித்து அழைத்துச் செல்லலாம் என்று எண்ணிவிடாதீர்கள். கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும்.